படுக்கையில் இருக்கும் கணவரை, மனைவியை எங்கே சேர்ப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். திருச்சிப் பக்கம் வலி நிவாரணக் குழு ஒன்றோடு வீடுகளுக்குப் போய் வருகிறேன். புற்றுநோய், பக்கவாதம், மறதி நோய், நரம்புத் தளர்ச்சி என்று படுத்துவிட்டவரின் கணவரோ மனைவியோ வாசல்வரை வந்து, செருப்பை மாட்டும்போது தயங்கித் தயங்கி ஒன்று கேட்பார்கள். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே எழுதியிருக்கிறேன்.

சிஸ்டர், நர்சிங் ஹோம்னு தேடினா எல்லாம் பிரசவ ஆஸ்பத்திரியா வருது. படுத்த படுக்கையா இருக்கிறவரைப் பார்த்துக்கிற இடத்தை என்னன்னு கேட்டுத் தேடறது?

நம் ஊரில் அந்தப் பெயரில் போர்டு மாட்டியிருப்பது சின்ன தனியார் ஆஸ்பத்திரி. உங்களுக்கு வேண்டியது வேறு. முதியோர் இல்லங்களில் பல, தானாக நடந்து பாத்ரூம் போகிறவரை மட்டுமே சேர்த்துக்கொள்ளும். எல்டர் கேர், அசிஸ்டட் லிவிங் என்ற பெயர்களில் நடப்பவை மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு, மூக்கில் டியூப், யூரின் டியூப், படுக்கைப் புண் உள்ளவர்களையும் எடுக்கும். ஹாஸ்பிஸ் என்பது நோயை இனிக் குணப்படுத்த முடியாது என்றான பிறகு, வலியில்லாமல் வைத்திருப்பதற்கான இடம். இவற்றை அதிகம் நடத்துவது அறக்கட்டளைகள். பல இடங்களில் பணமே வாங்குவதில்லை, ஆனால் புற்றுநோயாளிகளுக்கு மட்டும் என்று வைத்திருப்பார்கள்.

போன் செய்யும்போது முதல் வாக்கியத்திலேயே நிலைமையைச் சொல்லிவிடுங்கள்: "வயசு அறுபத்தெட்டு, பக்கவாதம், திரும்பிப் படுக்க முடியாது, மூக்கில் டியூப் இருக்கு, எடுப்பீங்களா?" இதை மறைத்து வண்டி பிடித்துக் கூட்டிப்போய், வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உண்டு.

பொண்டாட்டி நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது அவரை வெளியில விட்டா ஊர் என்ன சொல்லும்?

சொல்லும். மாமியார் வீட்டிலும் சொல்வார்கள். சொல்கிறவர்களில் ஒருவரை ஒரே ஒரு இரவு வந்து அவர் பக்கத்தில் படுக்கச் சொல்லிப் பாருங்கள். அதற்குமேல் இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்வதில்லை.

வீட்டுலயே வெச்சுப் பார்க்க முடியுமா முடியாதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

நோயின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். வேலையை வைத்து முடிவு செய்யுங்கள். படுத்தவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும், இரவிலும்தான். எழுபது கிலோ மனிதரை நாற்பத்தைந்து கிலோ மனைவி தனியாகப் புரட்டினால் இரண்டு மாதத்தில் அவரது இடுப்பும் போய்விடும். தொண்டையில் துளை போட்டிருந்தால் சளி உறிஞ்சி எடுக்க எந்நேரமும் ஒரு கை வேண்டும். இரவில் எழுந்து வாசல் கதவைத் திறக்கிற மறதி நோயாளி என்றால் தூங்கவே முடியாது. நீங்கள் தொடர்ந்து தூங்காமல் இருக்கிறீர்கள், உங்கள் சுகர் மாத்திரையை மறக்கிறீர்கள், அவர்மேல் கை ஓங்கும் அளவுக்குக் கோபம் வருகிறது என்றால் வீட்டில் இனி முடியாது என்று அர்த்தம். அந்தக் கோபத்தைப் பற்றிப் பலர் என்னிடம் அழுதுகொண்டே சொல்லியிருக்கிறார்கள். தூக்கம் கெட்ட உடம்பில் வரக்கூடியதுதான் அது.

முடிவெடுக்கும் முன் வீட்டிலேயே கிடைக்கும் உதவியைக் கேட்டுப் பாருங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை மட்டுமல்ல, வீட்டுக்கு வந்து வலி நிவாரண ஆதரவு சிகிச்சையும் பிசியோதெரபியும் கொடுப்பது உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். சில இல்லங்கள் பத்து, பதினைந்து நாள் மட்டும் சேர்த்துக்கொள்ளும். ஆபரேஷன், பிள்ளை கல்யாணம் என்று உங்களுக்கு அவசியம் வரும்போது அது உதவும். அந்த இடம் எப்படி என்று பார்த்தது போலவும் ஆகும்.

பெரிய டாக்டர் "இனி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க"ன்னு சொல்லிட்டார். அப்போ ஒண்ணுமே பண்ண முடியாதா?

கட்டியைக் கரைக்க மருந்தில்லை என்பது அவர் சொன்னதின் பொருள். வலி, மூச்சுத்திணறல், வாந்தி, புண் நாற்றம், மலச்சிக்கல், தூக்கமின்மை எல்லாவற்றுக்கும் மருந்து இருக்கிறது. அதைப் பார்ப்பது பேலியேட்டிவ் கேர் என்கிற தனிப் பிரிவு. அதே ஆஸ்பத்திரியில் அந்தப் பிரிவு இருக்கிறதா, அங்கே எழுதிக் கொடுப்பீர்களா என்று கேளுங்கள்.

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன் டிஸ்சார்ஜ் சம்மரியில் மூன்று விஷயம் இருக்கிறதா பாருங்கள்: நோய் எந்தக் கட்டம், இப்போது ஓடுகிற மருந்தும் அளவும், டியூப்களை எப்போது மாற்றினார்கள் என்ற தேதி. சேர்க்கப் போகும் இடத்தில் முதலில் கேட்பது இந்தக் காகிதத்தைத்தான்.

சரி, எங்கே இருந்து தேட ஆரம்பிக்கிறது?

விளம்பரத்திலிருந்து வேண்டாம். மேலே சொன்ன பேலியேட்டிவ் பிரிவின் செவிலியரிடமோ சமூகப் பணியாளரிடமோ கேளுங்கள். எந்த இடத்திலிருந்து நோயாளிகள் புண்ணோடு திரும்பி வருகிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அடுத்து, படுத்த நோயாளிகளை ஏற்றி இறக்கும் தனியார் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள். சிரிக்காதீர்கள், எல்லா இல்லத்தின் பின்வாசலையும் பார்த்தவர்கள் அவர்கள். அரசின் 104 மருத்துவ உதவி எண்ணிலும், முதியோருக்கான 14567 எண்ணிலும் உங்கள் மாவட்டத்தில் என்னென்ன இருக்கிறது என்று விசாரிக்கலாம்.

புற்றுநோய் என்றால், அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலோ வேலூர் சி.எம்.சி.யிலோ சிகிச்சை எடுத்தவர்கள் அங்கிருக்கும் வலி நிவாரணப் பிரிவிலேயே ஆரம்பிக்கலாம். சென்னை மாத்தூரில் ஜீவோதயா, புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் இருப்பவர்களை இலவசமாகப் பார்த்துக்கொள்கிறது. ஓசூர், கிருஷ்ணகிரிக்காரர்களுக்குச் சென்னையைவிடப் பெங்களூரின் கருணாஸ்ரயா பக்கம். 1990-களில் தொடங்கியது, அங்கேயும் கட்டணம் கிடையாது. மறதி நோய் என்றால் சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு முதியோர் மறதிக்கென்று தனிப் பிரிவு நடத்துகிறது. இப்படிப்பட்ட இடங்களில் படுக்கை காலியில்லை என்றாலும், வேறு யாரிடம் கேட்கலாம் என்று சொல்வார்கள். அந்த ஒரு போன் வீணாகாது.

நேர்ல போய்ப் பார்த்தா எல்லா இடமும் பளபளன்னுதான் இருக்கு. எதைப் பார்க்கணும்?

வரவேற்பறையைப் பார்க்காதீர்கள். அங்கே மீன்தொட்டியும் சாமி படமும் இருக்கும். ஏற்கெனவே படுத்திருப்பவர்களில் தானாகப் பேச முடியாத ஒருவரைக் காட்டச் சொல்லுங்கள். பேசத் தெரிந்தவர் கேட்டு வாங்கிக்கொள்வார். பேச முடியாதவரை எப்படி வைத்திருக்கிறார்களோ, உங்கள் கணவரையும் ஒருநாள் அப்படித்தான் வைத்திருப்பார்கள்.

முதலில் அவர் வாயைப் பாருங்கள். நாக்கில் வெள்ளையாய்ப் படிந்து, உதடு வெடித்து, ஓரத்தில் பால் காய்ந்திருந்தால் அன்று காலை யாரும் வாய் துடைக்கவில்லை. டியூபில் உணவு போகிறவருக்கு வாய் சுத்தம் தேவையில்லை என்று நினைக்கிற இடம் அது. அப்புறம் நகம். பிறகு குதிகால், அனுமதி கேட்டுவிட்டு. படுக்கைப் புண் முதலில் வருவது குதிகாலிலும் இடுப்புக்குக் கீழே முதுகெலும்பு முடியும் இடத்திலும்தான். புத்தகத்தில் "சிவந்திருக்கும்" என்று போட்டிருக்கும், நம் நிறத்தில் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்து, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். விரலால் அழுத்தி எடுத்தாலும் நிறம் மாறாது. கட்டிலோரம் புரட்டிய நேரம் எழுதும் தாள் தொங்குகிறதா? தொங்கினால், இன்னும் வராத நேரத்துக்கெல்லாம் முன்கூட்டியே டிக் அடித்திருக்கிறதா? காலை பதினொரு மணிக்கு, மாலை நாலு மணிவரை கையெழுத்துப் போட்டு முடித்திருந்த தாளை நான் பார்த்திருக்கிறேன்.

சாப்பாட்டு நேரத்தில் போங்கள், முடிந்தால் இரவுச் சாப்பாட்டுக்கு. ஊட்டுகிறவர் உட்கார்ந்து ஊட்டுகிறாரா, நின்றுகொண்டா? ஒரு வாய் விழுங்கினதைப் பார்த்துவிட்டு அடுத்ததை நீட்டுகிறாரா? டியூபில் ஊற்றினால் தலைப்பக்கம் நன்றாக உயர்ந்திருக்கிறதா, ஊற்றி முடித்து அரை மணி நேரமாவது அப்படியே வைத்திருக்கிறார்களா? யூரின் பை தரையில் கிடக்கிறதா, கட்டிலில் மாட்டியிருக்கிறதா, இல்லை வயிற்றுமேல் தூக்கி வைத்திருக்கிறார்களா? தண்ணீர் டம்ளர் கை எட்டுகிற தூரத்தில் உண்டா? கூப்பிடும் மணியின் கயிறு மேலே சுருட்டிக் கட்டியிருக்கிறதா?

காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். "நாலாம் நம்பர் பெட் மோஷன் போயிருச்சு" என்று கூடம் முழுக்கக் கேட்கச் சொல்கிற இடத்துக்கும், "ஐயா, ஒரு பக்கமா சாச்சுக்கிறேன், பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுத் தொடுகிற இடத்துக்கும் உள்ள வித்தியாசம் கட்டணத்தில் தெரியாது. சுவர் காரை பெயர்ந்த ஒரு இல்லத்தில் பார்த்தேன். பேச்சே வராத ஒரு பெரியவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்த பையன், கன்னத்தை மாற்றும் முன் ஒவ்வொரு தடவையும் கண்ணாடியை அவர் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினான். "மீசையை விடவாண்ணா, எடுக்கவாண்ணா" என்று வேறு கேட்டான். யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது அந்த இல்லத்தைத்தான்.

ராத்திரி எத்தனை பேர் டூட்டியில இருக்கணும்?

எண்ணிக்கையைக் கேட்டால் எல்லோரும் நல்ல எண்ணிக்கையே சொல்வார்கள். வேறு மாதிரிக் கேளுங்கள்: "நேத்து ராத்திரி யார் இருந்தாங்க? அவங்ககிட்ட பேசலாமா?" முறையாகப் படித்த செவிலியர் ஒருவராவது இரவில் கட்டாயம் வேண்டும். ஏ.என்.எம்., ஜி.என்.எம்., பி.எஸ்சி. என்று நர்சிங் படிப்பு எதுவானாலும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிந்தவராக இருக்க வேண்டும். மூன்று மாதம் பயிற்சி எடுத்த அட்டெண்டருக்கும் வெள்ளை உடைதான் கொடுத்திருப்பார்கள், பார்த்தால் தெரியாது.

அட்டெண்டர் எவ்வளவு காலமாக அங்கே இருக்கிறார் என்றும் கேளுங்கள். மாதாமாதம் ஆள் மாறுகிற இடத்தில் உங்கள் மனைவிக்கு இடது தோள் வலிக்கும் என்பது யாருக்கும் நினைவிருக்காது.

என் மனைவிக்கு டயப்பர் மாத்துறது ஆம்பளை அட்டெண்டரா இருந்தா என்ன பண்றது? அவ வாய்விட்டுச் சொல்லவும் முடியாது.

சேர்க்கும் அன்றே பேசி எழுதி வாங்க வேண்டிய விஷயம். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, யூரின் டியூப் பார்ப்பது எல்லாம் பெண் பணியாளர் மட்டுமே, இரவிலும் அப்படித்தான் என்று எழுதிக் கேளுங்கள். தூக்கிப் புரட்ட ஆண் உதவிக்கு வந்தால் போர்வை மூடியபடி, பெண் ஒருவர் உடன் நிற்க வேண்டும். "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்று சொல்கிற இடத்தை விட்டுவிடுங்கள்.

கணவன்மார்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் மனைவி பூ வைத்துக்கொள்வாரா, பொட்டு எது, நைட்டியா புடவையா, தலையை எப்படி வாருவார் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். முடியைப் பராமரிக்க நேரமில்லை என்று ஒட்ட வெட்டிவிடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. உங்களைக் கேட்காமல் வெட்டக்கூடாது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.

மாசம் எவ்வளவு ஆகும்?

ஊருக்கு ஊர், அறைக்கு அறை மாறும். சென்னைக் கணக்கு திருச்சிக்கு வராது. ஆனால் எந்த ஊரிலும் முதலில் சொன்ன தொகையோடு நிற்பதில்லை. டயப்பர், கையுறை, டியூப் மாற்றுவது, ஏர் பெட் வாடகை, ஆக்சிஜன், பிசியோ, டாக்டர் வருகை, ஆம்புலன்ஸ் என்று ஒவ்வொன்றும் தனி பில்லாக வரும். எது மாதக் கட்டணத்துக்குள், எது வெளியே என்று தாளில் கேளுங்கள். போன மாதம் இதே நிலையில் இருந்த ஒருவருக்கு வந்த பில்லை, பெயரை மறைத்துவிட்டுக் காட்ட முடியுமா என்று கேட்டால் உண்மைக் கணக்கு வந்துவிடும்.

அட்வான்ஸ் தொகை முக்கியம். சேர்த்து ஒரு வாரத்தில் இறந்துவிட்டால் எவ்வளவு திரும்பி வரும்? கேட்க வாய் கூசும். ஆனாலும் கேளுங்கள். டயப்பர், மருந்தை நீங்களே வாங்கித் தரலாமா என்றும் கேளுங்கள். வெளியே வாங்கக்கூடாது என்று கட்டாயப்படுத்தினால் லாபம் எங்கே வருகிறது என்று தெரிந்துவிடும்.

மெடிக்ளைம் இருக்கு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் இருக்கு. கிளெய்ம் பண்ணலாம்ல?

இதில்தான் அதிகம் பேர் ஏமாந்து போகிறார்கள். தனியார் மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகளில் விலக்குகள் பட்டியல் ஒன்று இருக்கும். அதில் ஐந்தாம் குறியீட்டின் (Excl05) கீழ் ஓய்வுக்காகச் சேர்ப்பது, வீட்டிலோ இல்லத்திலோ அன்றாடப் பராமரிப்பு, மரணத் தறுவாயில் இருப்பவருக்கான ஆதரவுச் சேவை எல்லாவற்றையும் விலக்கியிருப்பார்கள். உங்கள் பாலிசியை எடுத்து அந்தப் பத்தியைப் படியுங்கள். அதே நபர் நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் அந்தச் செலவு கிடைக்கும். இல்லத்து மாதக் கட்டணம் கிடைக்காது.

முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அதுவும் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்குத்தான். இன்னொரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. கடும் ஊனம், பார்க்கின்சன், தண்டுவடப் பாதிப்பு போன்றவற்றுக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாளச் சான்று எடுத்துவிட்டு விண்ணப்பிக்க வேண்டும். டயப்பர் செலவுக்காவது ஆகும்.

மார்ஃபின் ஆரம்பிச்சா சீக்கிரம் போயிடுவாங்கன்னு சொல்றாங்களே?

கடும் வலிக்கான மருந்து அது, அளவாகக் கொடுத்தால் போக மாட்டார்கள். சின்ன அளவில் ஆரம்பித்து, வலி அடங்கும்வரை படிப்படியாகக் கூட்டுவார்கள். சாதாரண மாத்திரை என்றால் நாலு மணி நேரத்துக்கு ஒன்று. முதல் இரண்டு, மூன்று நாள் தூக்கக் கலக்கம் இருக்கும், பிறகு தெளியும். மலச்சிக்கல் மட்டும் விடாது. அதனால் மார்ஃபினோடு மலமிளக்கியும் சேர்த்து எழுதாவிட்டால் கேளுங்கள். அடங்காத மூச்சுத்திணறலுக்கும் இதே மருந்தைக் குறைந்த அளவில் கொடுப்பதுண்டு. திடீரென்று நிறுத்தக்கூடாது. "கடைசியில கொடுப்போம்" என்று வலியோடு வைத்திருப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை.

இல்லத்தைத் தேர்ந்தெடுக்க இது நல்ல கேள்வி. போதைப்பொருள் சட்டம் 2014-இல் திருத்தப்பட்டு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் மார்ஃபின் வைத்துக் கொடுப்பது எளிதாக்கப்பட்டது. "உங்ககிட்ட மார்ஃபின் இருக்கா, இல்லைன்னா எந்த ஆஸ்பத்திரியில வாங்குவீங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு வலி வந்தா யார் கொடுப்பாங்க?" என்று கேளுங்கள். வலிக்குப் பாராசிட்டமால் ஊசி போடுவோம் என்று பதில் வந்தால், எலும்பில் பரவிய புற்றுநோயோடு அங்கே சேர்க்க வேண்டாம்.

அவருக்கு மறதி நோய். டாக்டர்கிட்ட போறோம்னு சொல்லி விட்டுட்டு வந்துடலாமா?

பலர் அப்படித்தான் செய்கிறார்கள், நான் திட்டமாட்டேன். ஆனால் அன்று மாலை அவர் படும் கலவரத்தை நீங்கள் பார்ப்பதில்லை. முடிந்தால் முன்பே இரண்டு மூன்று முறை கூட்டிப்போய், காபி குடித்து, தோட்டத்தில் உட்கார்ந்து வாருங்கள். காலையில் சேருங்கள். பொழுது சாயச் சாயக் குழப்பம் கூடும். அவருடைய தலையணை, போர்வை, ரேடியோ கூடவே போகட்டும்.

டியூபைப் பிடுங்குகிறார், எழுந்து ஓடுகிறார் என்று கையைக் கட்டிலோடு கட்டுவார்களா என்று நேரடியாகக் கேளுங்கள். எப்போது கட்டுவார்கள், யாரைக் கேட்டு, எவ்வளவு நேரம்? தூங்க வைக்கும் மாத்திரைக்கும் அதே கேள்விதான். நீங்கள் போகும்போதெல்லாம் அவர் தூங்கிக்கொண்டே இருந்தால் மருந்துச் சீட்டை வாங்கிப் பாருங்கள்.

சாப்பிடவே மாட்டேங்கிறார். டியூப் போடச் சொல்றாங்க. போடலைன்னா பட்டினி போட்டுக் கொன்ன பாவம் வராதா?

யாருக்கு என்பதைப் பொறுத்தது. பக்கவாதம் வந்த புதிதில், விழுங்கும் சக்தி திரும்பி வரும்வரை டியூப் உயிர்காக்கும். நரம்புத் தசை நோய்களில் வயிற்றில் நேரடியாக வைக்கும் குழாய் நல்ல பலன் தருவதுண்டு. மறதி நோயின் கடைசிக் கட்டம் வேறு. அங்கே டியூப் ஆயுளைக் கூட்டுவதாகத் தெரியவில்லை, புரையேறுவதையும் தடுப்பதில்லை, மேலே சொன்ன கை கட்டும் பிரச்சினைதான் ஆரம்பிக்கிறது. பொறுமையாக, கொஞ்சம் கொஞ்சமாகக் கையால் ஊட்டுவதையே மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். ஊட்ட ஆள் இல்லாத இல்லம்தான் டியூபுக்கு அவசரப்படும். நோய் முற்றி உடம்பு அடங்கும்போது பசி தானாகவே போய்விடும். அப்போது ஒரு கரண்டி இளநீரோ, நனைத்த பஞ்சால் உதட்டைத் துடைப்பதோ போதும். அது பட்டினி போடுவது ஆகாது.

மூச்சு முட்டினா ஐசியூ, வென்டிலேட்டர் வேண்டாம்னு முன்னாடியே எழுதி வைக்கலாமா?

வைக்கலாம். 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இதை அனுமதித்தது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. நல்ல நினைவோடு இருக்கும்போது அவரே எழுதி, இரண்டு சாட்சி முன் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்க வேண்டும். தன் சார்பில் யார் பேசலாம் என்று ஒருவருக்கு மேற்பட்ட பெயரையும் எழுதலாம். நினைவு போன பிறகு அவருக்காக நீங்கள் அதை எழுத முடியாது. எழுதாமலே நினைவு போயிருந்தால், சிகிச்சையை நிறுத்த ஆஸ்பத்திரியின் இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்து ஒப்ப வேண்டும், குடும்பத்தின் சம்மதமும் வேண்டும்.

நடைமுறையில் சிக்கல் இல்லத்தில்தான் வரும். நள்ளிரவில் மூச்சு இழுத்தால் டூட்டியில் இருக்கும் பெண் பயந்துபோய் 108-ஐக் கூப்பிடுவார். அவர் மேல் தப்பில்லை. அதனால் "இப்படி ஆனால் இங்கேயே வைத்து இந்த மருந்து கொடுங்கள், ஆஸ்பத்திரிக்கு மாற்ற வேண்டாம்" என்று டாக்டர் எழுதி, நீங்களும் கையெழுத்திட்டு ஃபைலின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். எங்கள் இடத்தில் யாரும் இறக்கக்கூடாது, கடைசி நேரத்தில் மாற்றிவிடுவோம் என்பது சில இல்லங்களின் கொள்கை. சேர்க்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பையன் அமெரிக்காவுல இருந்து "எல்லாம் பண்ணுங்க"ங்கிறான். அவரோ போதும்னு என்கிட்ட சொல்லியிருக்கார். யார் பேச்சைக் கேட்கிறது?

அவர் சொன்னதை. அவரால் இன்னும் பேச முடிந்தால், வீடியோ காலில் மகனிடம் அவரையே சொல்ல வையுங்கள், டாக்டரும் பக்கத்தில் இருக்கட்டும். தூரத்தில் இருக்கும் பிள்ளைகள் குற்ற உணர்வில்தான் இப்படிக் கேட்கிறார்கள். இல்லத்தில் ஒரே ஒருவர் பெயரைத் தொடர்புக்குக் கொடுங்கள், அது நீங்களாக இருங்கள். ஆளுக்கொரு உத்தரவு போனால் பணியாளர் யாரையும் கேட்க மாட்டார்.

அவர் அக்கவுண்ட்ல பணம் இருக்கு, கையெழுத்துப் போட முடியலை. பேங்க்ல கொடுக்க மாட்டேங்கிறாங்க.

நினைவு இருக்கிறதா, கை மட்டும் வரவில்லையா? அப்படியென்றால் கைரேகை போதும். இரண்டு சாட்சிகள் அடையாளம் காட்ட வேண்டும், அதில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி வழிமுறை. மேலாளரிடம் எழுத்தில் கேட்டால் ஆள் அனுப்புவார்கள். கையெழுத்து நடுங்க ஆரம்பித்தபோதே கணக்கைக் கூட்டுக் கணக்காக மாற்றிவிடுவது இதைவிட எளிது.

நினைவே இல்லையென்றால் மனைவி என்பதால் மட்டும் அவர் சொத்தைக் கையாள முடியாது. பவர் பத்திரமும் அப்போது எழுத முடியாது. உயர் நீதிமன்றத்தை அணுகிக் காப்பாளராக நியமிக்கக் கோர வேண்டும். 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம், கோமாவில் இருந்த கணவரின் சொத்தை நிர்வகிக்க மனைவியையே காப்பாளராக நியமித்தது. வக்கீலிடம் அந்தத் தீர்ப்பைக் கேட்டுப் பாருங்கள்.

சேர்த்துட்டேன். ஆனா ஏதோ சரியில்லைன்னு தோணுது. புகார் சொன்னா அவர்மேல காட்டிடுவாங்களோன்னு பயமா இருக்கு.

நியாயமான பயம். அதனால் நேரம் மாற்றி மாற்றிப் போங்கள். ஒருநாள் காலை ஆறு மணி, ஒருநாள் இரவு ஒன்பது. பார்வை நேரம் மாலை நாலிலிருந்து ஆறு மட்டும், மனைவியாக இருந்தாலும் கூடாது என்று சொல்கிற இடத்தில் முதலிலேயே சேர்த்திருக்க வேண்டாம் என்பேன். போகும்போது நீங்களே ஒருமுறை உடம்பு துடைத்துவிடுங்கள். அப்போது முதுகையும் குதிகாலையும் பார்க்கலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். புண் தெரிந்தால் தேதியோடு போட்டோ எடுங்கள்.

முதலில் அட்டெண்டரிடம் சண்டை போடாதீர்கள். பன்னிரண்டு மணி நேர டூட்டியில் எட்டுப் பேரைப் பார்க்கிறவர் அவர். பொறுப்பு செவிலியரிடம் குறிப்பாகச் சொல்லுங்கள்: "இடது குதிகால் கறுத்திருக்கு, இன்னைக்கு இருந்து தலையணை வெச்சுத் தூக்கி வைக்கணும்." இரண்டு நாளில் மாற்றம் இல்லையென்றால் எழுத்தில் நிர்வாகத்துக்கு. அடிப்பது, பட்டினி, கட்டி வைப்பது போன்றவை என்றால் முதலில் ஆளை அங்கிருந்து எடுங்கள், புகார் பிறகு. மருத்துவ நிறுவனமாகப் பதிவானது என்றால் மாவட்டச் சுகாதாரப் பணிகள் இணை இயக்குநரிடம் கொடுக்கலாம். முதியோர் இல்லமாகப் பதிவானது என்றால் மாவட்டச் சமூகநல அலுவலகம். எதிலும் பதிவே இல்லை என்றால் மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுங்கள்.

அங்கேயே காலமாயிட்டா என்னென்ன பண்ணணும்? இப்போவே கேட்கறது தப்புன்னு தெரியும்.

தப்பில்லை. இல்லத்தில் மருத்துவர் உண்டென்றால் இறப்புக் காரணச் சான்று அவர் தருவார். இல்லையென்றால் கடைசியாகச் சிகிச்சை பார்த்த டாக்டர் வந்து பார்த்து எழுத வேண்டும். நள்ளிரவில் அவர் வருவாரா, இல்லை காலைவரை காத்திருக்க வேண்டுமா, அதுவரை உடலை எங்கே வைப்பார்கள் என்று சேர்க்கும்போதே கேட்டு வையுங்கள். பாக்கித் தொகையைச் சொல்லி உடலைத் தராமல் இழுத்தடிக்க எந்த இல்லத்துக்கும் உரிமை இல்லை. பணத்துக்குத் தனியாக எழுதி வாங்கிக்கொள்ளட்டும். குளிப்பாட்ட, கோடி போர்த்த, ஓதுவாரையோ பாதிரியாரையோ இமாமையோ அழைக்க இடம் கொடுப்பார்களா என்பதிலும் இல்லத்துக்கு இல்லம் வித்தியாசம் உண்டு.

இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பதிவானபின் சான்றை ஆன்லைனிலேயே எடுக்கலாம். எந்த ஊர் எல்லைக்குள் இறந்தாரோ அங்கேதான் பதிவு, சொந்த ஊரில் முடியாது. பெயர், தந்தை பெயர், முகவரி மூன்றும் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று படிவத்தைக் கொடுக்கும் முன் ஒருவரை உட்கார்ந்து சரிபார்க்கச் சொல்லுங்கள். உங்களுக்கு அன்று கண் தெரியாது. பார்ப்பது பக்கத்து வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் சரி. எழுத்துப் பிழையோடு வாங்கிவிட்டால் குடும்ப ஓய்வூதியத்துக்கும் வங்கிக்கும் வாரிசுச் சான்றுக்கும் திருத்தம் கேட்டு அலைய வேண்டியிருக்கும்.